சவுண்ட்ஸ்கேப்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஓரிடத்தில் ஒரே பொழுதில் காதில் விழும் ஒலிகள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல் ‘சவுண்ட்ஸ்கேப்’. ‘லேண்ட்ஸ்கேப்’ என்பதன் அச்சில் வார்த்த இச்சொல்லைப் பரவலாக்கியவர், 1977இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதிய கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர். காட்டுயிர்க் குரல்களைப் பதிந்து வந்து, இருண்ட கூடத்தில் கேட்பவரைச் சுற்றி ஒலிக்கவிடும் கலைக்கும் இன்று இச்சொல் வழங்குகிறது.

தமிழில் ‘ஒலிக்காட்சி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் லேண்ட்ஸ்கேப்புக்கு மூலமான ‘லாண்ட்ஸ்காப்’ என்னும் டச்சுச் சொல்லின் பின்பாதிக்குத் தன்மை, நிலை என்பதே பொருள். அதில் கண்ணுக்கு வேலையில்லை. ‘ஒலிப்பரப்பு’ என்றாலோ வானொலி நிலையம் நினைவுக்கு வந்துவிடும்.

கோத்தகிரியில் லாங்வுட் சோலையின் ஓரமாக விடியுமுன் நின்று கைபேசியில் பதிந்ததைப் பிறகு கேட்டுப் பார்த்தேன். முதலில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை, வெளுத்ததும் சிரிப்பான் பறவைகளின் கூட்டுச் சிரிப்பு, இடையிடையே இலை நுனியிலிருந்து சொட்டும் பனிநீர், கடைசியில் வளைவில் ஏறும் பேருந்தின் ஹாரன். அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிரவுஸ் சொல்லும் உயிரொலி, புவியொலி, மனித ஒலி என்னும் மூன்று பகுப்பும் அதற்குள் அடக்கம். (புவியொலியை ‘நிலவொலி’ என்றால் நிலா குறுக்கே வந்து நிற்கும்.)

கிரவுஸின் பதிவுகளைக் கொண்டு 2016இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளை அமைத்த கூடத்தில், ஒலிக்கும் குரல்களின் வரைபடங்கள் சுவரெங்கும் ஓடின. விலங்குகளின் பேரிசைக்குழு என்பது அதற்கு வைத்த பெயர். இந்தக் கற்பனை குறிஞ்சிக்குப் பழையது. அகநானூற்றின் 82ஆம் பாடலில் கபிலர், மூங்கில் துளையில் புகும் கோடைக்காற்றைக் குழலாகவும், அருவியை முழவாகவும், கலைமானின் கடுங்குரலைத் தூம்பு என்னும் ஊதுகருவியாகவும், வண்டை யாழாகவும் கேட்கிறார்; மந்திகள் அவையாக இருந்து மருண்டு நோக்க, மயில் விறலிபோல் ஆடுகிறது. கருவிகளெல்லாம் மனிதருடையவை, ஆனால் மனித ஒலி ஒன்றுகூட இல்லை.

எனவே சவுண்ட்ஸ்கேப்புக்கு ‘ஒலிச்சூழல்’ என்பதே என் தேர்வு. கேட்பவரைச் சுற்றி ஒலிக்கவிடும் அந்தக் கலையைக் குறிக்கும் ‘இம்மெர்சிவ்’ என்ற அடைமொழி இலத்தீனில் நீருள் அமிழ்த்துவதைச் சொல்வது; அதை ‘மூழ்கடிக்கும் கலை’ என்று பெயர்த்தால் வெள்ளச் செய்திபோல் இருக்கும். கூடத்தில் ஒலி நம்மை அமிழ்த்துவதில்லை, சூழ்கிறது. ஆகவே அதே வேரிலிருந்து ‘சூழொலிக் கலை’ என்று ஆக்கிக்கொள்ளலாம்.