ஒரு மாத மழையை ஒரு குழாயில் அடைப்பது எப்படி?

"மழைநீரைப் பிடித்துச் சோதித்தால் காற்றில் என்ன நச்சு இருக்கிறது என்று தெரிந்துவிடுமா? மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தால் போதாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதற்கு, வாளி போதாது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்று ஒரு தீவு இருக்கிறது. தேசியப் பூங்கா, ஆலைகள் கிடையாது. அந்தத் தீவுக்குள் சிஸ்கிவிட் என்று இன்னொரு ஏரி. அதன் நீர்மட்டம் சுப்பீரியரைவிட உயரம், ஆகவே வெளித் தண்ணீர் உள்ளே ஏற வழியில்லை. அப்படியிருந்தும் அங்கே பிடித்த மீன்களில் பிசிபி இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கெபாசிட்டர்களிலும் ஊற்றிவந்த, அமெரிக்கா 1979-இல் தடைசெய்த ரசாயனம் அது. தரைவழி இல்லையென்றால் வான்வழிதான். 1990-இல் இரு நாடுகளும் சேர்ந்து, சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளின் கரைகளில் காற்றையும் மழையையும் அளக்கும் நிலையங்களை ஏற்படுத்தின.

மழைத்துளி விழும் வழியில் ஆவியாக இருக்கும் பொருளைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். புகைத்துகள்களை மோதி வாரிக்கொள்ளும். அந்த மழையை வேறு அழுக்கு சேராமல் பிடிப்பதுதான் கஷ்டம். திறந்த வாளியில் மழை இல்லாத நாட்களின் தூசியும் விழும். அதனால் நிலையத்தில் மழை பிடிக்கும் கருவிக்கு மூடி உண்டு. பக்கத்தில் ஒரு சிறிய உணர்தகடு. முதல் துளிகள் விழுந்து இரண்டு கம்பிகளை இணைத்ததும் மின்சாரம் பாய்ந்து, மோட்டார் மூடியைத் திறக்கும். தகட்டின் அடியில் லேசான சூடு இருப்பதால் மழை விட்டதும் ஈரம் காய்ந்து மூடி தானாக மூடிக்கொள்ளும். புனல் எவர்சில்வர். பிளாஸ்டிக் என்றால் தன்னிடமுள்ள ரசாயனத்தைத் தண்ணீரில் விடும். நாம் தேடும் பிசிபியைத் தன் சுவரில் ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கணக்குக் கெடும்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி புனலுக்கு அடியில் இருக்கிறது. அரை மீட்டர் நீளமும் அகலமும் உள்ள புனல்வாய்க்குள் 100 மி.மீ. மழை பெய்தால் 25 லிட்டர் சேரும். அதை யார் சுமப்பது? சுமக்கவே வேண்டாம். அடியில் ஒரு குழாய். அதற்குள் எக்ஸ்ஏடி-2 என்ற பிசினாலான, ரவை போன்ற வெள்ளை மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் எண்ணற்ற நுண்துளைகள். ஒரு கிராம் மணிகளின் உட்பரப்பை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 300 சதுர மீட்டர், சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு மனையைவிடப் பெரிது! தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. பிசிபிக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. பிசிபியின் உடலே இரண்டு பென்சீன் வளையங்கள், அதாவது ஆறு ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வட்டங்கள். பிசினின் உடலிலும் நெடுக அதே வளையங்கள். இனம் இனத்தோடு சேர்கிறது. தண்ணீர் கீழே வடிந்துபோக, நச்சு மணிகளில் தங்கிவிடுகிறது. இப்படி 28 நாள் மழை ஒரே குழாய் வழியாக இறங்குகிறது. கையடக்கமான அந்தக் குழாயை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

அங்கே அசிட்டோன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களால் மணிகளைக் கழுவி, சாற்றைச் சுண்டவைத்து, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்துவார்கள். கூடவே மழையே படாத இன்னொரு குழாயும் நிலையத்துக்குப் போய்த் திரும்பிவரும். அதில் என்ன தெரிகிறதோ அது வழியில் ஒட்டிய அழுக்கு.

அளவு லிட்டருக்கு நானோகிராம் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்குதானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. லிட்டருக்கு 1 நானோகிராம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1 கிராம். சுப்பீரியரின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அப்படியானால் 82 கிலோ. அதை மிதவை உயிரிகள் வாங்கி, சிறுமீனுக்கும் பெருமீனுக்கும் கைமாற்றிக் கொழுப்பில் சேர்த்துவைக்கின்றன.

தடைக்குப் பின்பும் பிசிபி மெதுவாகத்தான் குறைகிறது என்பது, ஒரே இடத்தில் ஒரே முறையில் பல்லாண்டு அளந்ததால் தெரிந்த செய்தி. இந்த வேலையில் பரபரப்பு இல்லை, ஆகவே நிதிவெட்டு என்றால் முதலில் கை வைப்பது இதில்தான். எனக்கு இது பொறுக்கவில்லை. புதுக் கருவி வாங்கப் பணம் தருகிறவர்கள், பழைய புனலைக் கழுவி மாதாமாதம் குழாய் மாற்றும் பணியாளருக்கும் இருபது ஆண்டுச் சம்பளத்தை உறுதிசெய்ய வேண்டும். நம் நாட்டிலும்தான்.