மெட்ராஸ் டெரஸ் மதியத்தில் ஏன் சுடுவதில்லை?

மே மாத ராத்திரி 9 மணிக்கு ஃபேன் போட்டால் அனல் இறங்குகிறதே, அது ஃபேன் செய்த குற்றம் இல்லை. அதற்கு மேலே இருக்கிற 4, 5 அங்குல கான்கிரீட் தளம் மதிய வெயிலை வாங்கிச் சில மணி நேரத்திலேயே கீழே தள்ளிவிடுகிறது. செங்கல்லைவிட கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

மயிலாப்பூரில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரியும். அந்தக் கூரைக்குத்தான் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அந்தக் கட்டைகளின் மேல், 1 அங்குல கனமே உள்ள குட்டிச் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, ஒரு மூலையில் ஆரம்பித்துக் கோணலாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். முந்தைய வரிசையே அடுத்ததைப் பிடித்துக்கொள்வதால் சென்டரிங் பலகை தேவையில்லை (இதை யோசித்த கொத்தனாருக்கு ஒரு கும்பிடு). அப்புறம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். சுண்ணாம்பு காயும்போது சுருங்கி வெடிக்கும், அடி விழ விழ அந்த வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக உறிஞ்சி மறுபடி கல்லாகும். கடைசியாக மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு.

ஆக, செங்கல், ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்ந்து முக்கால் அடிக்கு நெருக்கமான கனம், அதுவும் நுண்துளை நிறைந்த பொருள். கனம் கூடக் கூடச் சூடு உள்ளே வந்துசேரத் தாமதமாகும், வரும் வழியிலேயே பெரும்பங்கு நீர்த்தும் போகும். மதிய உச்சம் உள்கூரையைத் தொடும்போது வெளியே இருட்டியிருக்கும்.

சரி, அந்தச் சூடு ராத்திரி உள்ளேதானே இறங்கும்? ஆமாம், இறங்கும். ராத்திரியும் புழுங்கும் சென்னையில் கனமான கூரை மட்டும் இருந்தால் வேகவைத்துவிடும், அதனால்தான் உயரமான கூரை, அதையொட்டி வென்டிலேட்டர், நடுவில் முற்றம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஜன்னலை அடைத்து ஏசி மாட்டிய வீட்டில் கூரையை மட்டும் பழைய பாணியில் போடுவது, என்னைக் கேட்டால், வெறும் அலங்காரம்.

தேக்கு விலையும் கூலியும் மெட்ராஸ் டெரஸை ஒழித்துக்கட்டின. சுவருக்குள் செருகிய கட்டை நுனி, மாடித் தண்ணீர் தேங்கினால் உளுத்துப்போவதும் ஒரு காரணம். மேல்பாதி மட்டும் இன்றைக்கும் தப்பிப் பிழைத்திருக்கிறது: கான்கிரீட் தளத்துக்கு மேல் போடுகிற சுருக்கியும் (அதே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் அதன் மிச்சம்தான்.