போன் ஸ்லோ ஆனால் சாஃப்ட்வேர் அடிக்கத்தான் வேண்டுமா?

"தம்பி, போன் ரொம்ப ஹேங் ஆகுது. சாஃப்ட்வேர் அடிச்சுக் குடுத்துருப்பா."

சர்வீஸுக்கு வருபவர்களில் பலர் நோயோடு மருந்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் வந்த அம்மாவும் அப்படித்தான். ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தேன். 32 ஜிபி போனில் மிச்சம் 300 எம்பி. வாட்ஸ்அப் மட்டுமே 11 ஜிபி. பெரும்பாலும் காலை வணக்கப் படங்கள், யார் யாரோ அனுப்பிய வீடியோக்கள்.

போனின் நினைவகத்தில் பழையதன் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் அதில் எழுதலாம். காலியிடம் இல்லையென்றால், வேண்டியதை வேறிடத்துக்கு நகர்த்தி, அழித்து, அப்புறம்தான் எழுதும். ஒற்றை அறை வீட்டில் பாய் விரிக்க, தினமும் சாமான்களை ஒதுக்குகிறோமே, அதே பாடுதான். அதனால்தான் கேமரா திறக்கவே அத்தனை நேரம்.

"சாஃப்ட்வேர் போட்டா போன் பறக்குதே?" என்பார்கள். பறக்கும்தான். சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றும்போது, அதாவது ஃபிளாஷ் செய்யும்போது, பெரும்பாலும் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிடுகிறது; வேகம் பெரும்பாலும் அந்தக் காலியிடம் தந்தது. மறுபடி நிரம்பியதும் பழைய கதைதான். இதற்காகப் பேரன் படங்களைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

இயங்குதளத்தை மாற்றியமைத்து வேகம் கூட்டியதே இல்லையா? உண்டு. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 வந்தபோது, ஆப்களை ஓட்டிய டால்விக்கை எடுத்துவிட்டு ஆர்ட் என்ற புதிய எஞ்சினை கூகுள் வைத்தது. ஆப்களை ஓட்டும்போது போனின் சிப்புக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பதற்குப் பதில், நிறுவும்போதே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இப்படி மாற்றியமைப்பது தயாரிப்பவர்கள் செய்கிற வேலை. கடையில் நாங்கள் அடிப்பது, பெரும்பாலும் உங்கள் போனில் இருந்த அதே சாஃப்ட்வேரைத்தான்.

பேட்டரியையும் பாருங்கள். பேட்டரி பழசானால் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க முடியாது. போன் அணைந்துவிடாமலிருக்க, பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. புது பேட்டரி போட்டதும் அவற்றின் வேகம் திரும்பியது.

அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக் கேட்டு அழித்தோம். 9 ஜிபி காலியானது. ரீஸ்டார்ட் செய்து கொடுத்தேன்.

ஆன் செய்தால் போன் கம்பெனி லோகோவிலேயே நின்றுவிட்டால் ஃபிளாஷ் செய்யத்தான் வேண்டியிருக்கும். அதற்குக் கொண்டுவரும் முன் படங்களையும் நம்பர்களையும் ஏற்கெனவே எங்காவது சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டையும் நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். எல்லாம் அழிந்த பிறகு போன் பெரும்பாலும் அதைக் கேட்கும்.