ஆர்.சி.யில் இருக்கும் வண்டியும் வாசலில் நிற்கும் வண்டியும்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மாருதி 800 பல வருஷமாக எங்கள் பட்டறைக்கு வருகிறது. 2005 டிசம்பரில் பதிவான வண்டி. இன்ஜின் சத்தமே கேட்காது, அவ்வளவு பக்குவமாக ஓட்டுவார். 2020இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது எந்தச் சிக்கலும் இல்லை. இந்த முறை ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து முகம் வாடித் திரும்பி வந்தார். "வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு இன்ஸ்பெக்டரே சொல்றாரு தம்பி. ஆனா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு" என்றார்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். 800இல் வண்டியின் அடையாளமான சேசிஸ் எண், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் குத்தியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் வேறெங்கோ பெயின்ட் அடித்தபோது, அங்கே லேசாகப் பிடித்திருந்த துருவை மறைக்கப் பட்டி தடவி, அதன்மேல் பளபளவென்று அடித்துவிட்டிருக்கிறார்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் கடைசி நான்கு இலக்கத்தில் ஒன்று 3ஆ, 8ஆ என்றே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் செய்தது சரிதான். எண் தெரியாத வண்டிக்கு அவர் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவார்?

இருபது வருஷத்துக்கு மேலாகக் கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்களை ஆர்.சி. புதுப்பிக்கத் தயார் செய்வதில்தான் வருஷத்தில் பாதி போகிறது. பார்த்தவரை, இன்ஜின் கெட்டுத் திரும்பி வரும் வண்டி குறைவு. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பது ஒன்று, வாசலில் நிற்பது இன்னொன்று என்று ஆகி மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். "பதினஞ்சு வருஷம் ஆனா வண்டிய ஒடைச்சிருவாங்களாமே?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. டெல்லி சுற்றுவட்டாரத்தில் பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்று நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. அது அந்த ஊர்ப் புகையின் கதை. அரசாங்கத்துக்குச் சொந்தமான வாகனங்களுக்கு மட்டும் 15 வருஷம் தாண்டினால் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இந்த இரண்டையும் குழைத்து யாரோ வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள்.

நமக்குப் பொருந்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. சொந்த உபயோக வாகனத்தின் பதிவு, ஆர்.சி. கொடுத்த தேதியிலிருந்து 15 வருஷம் செல்லும். தயாரித்த வருஷத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அதன்பின் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவு முடிய 60 நாள் இருக்கும்போதே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலேயே போட்டுப் பணம் கட்டிவிட்டு, வண்டியை ஆபீஸுக்கு ஓட்டிப்போக வேண்டும். அங்கே பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர்.

கட்டணம்தான் இப்போது பலருக்கு அதிர்ச்சி. தலைமையாசிரியர் 2020இல் கட்டியது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் காருக்கு அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஏற்றிவிட்டார்கள். பைக்குக்கு 2,000. இறக்குமதி கார் வைத்திருப்பவருக்கு 80,000. பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதக் கணக்கில் தாமதக் கட்டணமும் சேரும். நானும் ஏற்றத்தைப் பார்த்து முணுமுணுத்தவன்தான். ஆனால் முடிந்துபோன ஆர்.சி.யோடு ஓட்டினால் பதிவில்லாத வண்டி ஓட்டியதாக 192ஆம் பிரிவில் முதல் தடவையே 2,000 முதல் 5,000 வரை அபராதம். அதைவிடப் பெரிய தலைவலி, விபத்து ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி. தேதியைத்தான்.

சரி, காகிதத்துக்கு வருவோம். பழைய வண்டியைக் கொண்டுவருபவர்களிடம் சாவியை வாங்கும் முன் ஆர்.சி.யைக் கேட்பேன். கடன் அடைத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பெனியே இன்னொன்றோடு சேர்ந்து பெயர் மாறியிருக்கும். தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35ம் வாங்க அலைந்து முடிக்க மூன்று மாதம் ஆன வாடிக்கையாளர் இருக்கிறார். இன்னொரு வகை, வண்டி அப்பா பெயரில் இருக்கும், அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகியிருக்கும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமாக இருந்தால் அந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஆன்லைனில் உங்கள் எண்ணைத் தட்டினாலும் வண்டியே இருக்காது. பதிவு செய்த ஆபீஸுக்குப் போய் ஏற்றச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஆறு மாதம் முன்பே பார்க்க வேண்டும். கடைசி வாரத்தில் பார்ப்பவர்களை நம்பித்தான் ஆபீஸ் வாசலில் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அப்புறம், மாற்றங்கள். 52ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தயாரித்த கம்பெனி கொடுத்த விவரமும் ஆர்.சி.யில் உள்ள விவரமும் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொன்றுக்கும்' என்ற சொல்லைப் பையன்கள் கவனிப்பதில்லை. சைலன்சர் ஒன்று, முன்னால் பைப் கார்டு ஒன்று, பாடியை வெட்டியது ஒன்று என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாமே தப்பு என்றும் இல்லை. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வெள்ளை என்று எழுதியிருக்கும் வண்டி கறுப்பாக வந்து நின்றால் அன்று வேலை நடக்காது. மாற்றுத்திறனாளிகளுக்காகக் கையால் இயக்கும்படி மாற்ற அனுமதி கிடைக்கும். சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் போடலாம். அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், பொருத்தியவரின் சான்று இருக்க வேண்டும், ஆர்.சி.யில் எரிபொருள் மாற வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குக் கழற்றி அனுப்ப வேண்டும். அந்தத் தேதி சிலிண்டரின் தகட்டிலேயே இருக்கும். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கி அதைப் பார்த்த உரிமையாளரை இதுவரை நான் பார்த்ததில்லை.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பிற்பாடு விதி திருத்தப்பட்டதை வைத்து, தரச்சான்று உள்ள ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. ஆனாலும் பரிசோதனைக்குப் போகிற நாளில் ஃபிலிமை உரித்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். வாசலில் நின்று தீர்ப்பு வாசிக்க யாருக்கும் நேரமில்லை. முன் பம்பரில் போடும் இரும்பு பைப் கார்டு 2017 டிசம்பரிலேயே கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லிவிட்டது. அதில் முட்டுபவரின் இடுப்பும் தொடையும் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

சின்ன மாற்றம்தானே என்று வருபவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 800க்குக் கம்பெனி கொடுத்த டயர் 145/70 ஆர் 12. பார்க்க நன்றாக இருக்கிறது என்று 145/70 ஆர் 13 போடுவார்கள். டயரின் விட்டம் 508 மில்லிமீட்டரிலிருந்து 533க்குப் போகிறது, 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84இல் போகிறது. ஓட்டுபவருக்குத் தெரியாது. இரண்டாவது, வண்டியின் உயரத்தைத் தாழ்த்துவது. போன வருஷம் ஒரு பையன் ஹேட்ச்பேக் ஒன்றைக் கொண்டுவந்தான். "ரெண்டு சுத்துத்தாங்கண்ணா வெட்டியிருக்குது" என்றான். ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால், ஸ்பிரிங்கை கேஸில் அறுத்திருக்கிறார்கள். அறுத்த இடத்தைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சக்கரத்தைத் தொங்கவிட்டதும் ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து கழன்று, விரலால் தள்ளினால் ஆடியது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அது வெளியே வந்திருந்தால்? பையனைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணனும் பேசவில்லை, தம்பியும் பேசவில்லை.

வண்டியின் நிலைமையில் ஆய்வாளர் எதைப் பார்ப்பார்? பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங் ஆட்டம், விளக்குகள், வைப்பர், ஹாரன், சீட் பெல்ட், டயர், புகை. ஹேண்ட் பிரேக்கில்தான் பலர் தோற்கிறார்கள், ஏனென்றால் கியரில் போட்டு நிறுத்தியே பழகிவிட்டோம். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும், டி.டபிள்யூ.ஐ. என்று பக்கத்தில் எழுதியிருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 போட்டிருப்பார்கள். கழற்றினால் ஹோல்டர் கருகி உருகியிருக்கும். புகைச் சான்று சாதாரணமாக ஆறு மாதம், பி.எஸ்.4 புகைத் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு ஒரு வருஷம். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிட எனக்கு அதிகக் கவலை அடித்தளத் துருதான். பிரேக் ஆயில் பின்சக்கரத்துக்குப் போகும் சின்னக் குழாய் வண்டியின் வயிற்றோடு ஒட்டி ஓடும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் சேறு தங்கி, ஈரம் காயாமல், அங்கேதான் முதலில் அரிக்கும். வெளியே தெரியாது. கிளிப்பைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் ஒரு தேய் தேய்த்தால் குழாய் செதில் செதிலாக உதிரும். மெதுவாக மிதிக்கும்போது தாங்கும், உயிருக்குப் பயந்து ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு நாளில்தான் வெடிக்கும். மாற்றச் செலவு அதிகமில்லை. அடியில் கறுப்புத் தார் பூச்சு அடித்து 'அண்டர்கோட்டிங் பண்ணியாச்சு' என்று விற்பவர்களிடம் பழைய வண்டி வாங்குகிறவர்கள், ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அந்த இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான்.

தானியங்கிப் பரிசோதனை நிலையங்கள் படிப்படியாக வருகின்றன. உருளைகள்மேல் சக்கரத்தை ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக எண்ணில் காட்டும். அந்த இயந்திரத்திடம் 'நேத்துதான் சார் பிரேக் ஷூ மாத்தினேன்' என்று சொல்லிப் பயனில்லை.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் தனி விதி வந்தது. சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால் விண்டேஜ் என்று 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம், 10 வருஷம் செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்குத்தான் எடுக்கலாம். தாத்தாவின் அம்பாசடரில் தினமும் காய்கறி வாங்கப் போக ஆசை என்றால் சாதாரணப் பதிவே போதும்.

தலைமையாசிரியரின் வண்டிக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. பட்டியோடு சேர்த்து எண்ணையும் தேய்த்துவிட்டால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி, பட்டி இளகியதும் பித்தளைத் தூரிகையால் ஒரே திசையில் தேய்த்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. தாளை வைத்துத் தேய்த்தபோது 8 சுழிந்து எழுந்து வந்தது. அது வராமல் போயிருந்தால், ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்கி எண்ணை மறுபடி குத்த வேண்டியிருக்கும். யாரையோ பிடித்து நாமே குத்திக்கொள்வது வேறு மாதிரி முடியும்.

காகிதமும் வண்டியும் ஒத்துப்போகாத இன்னொருவர் இன்னும் காத்திருக்கிறார். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும் ஒரு கான்டெசா, பானெட்டுக்குக் கீழே டீசல் இன்ஜின். பழைய முதலாளி தொண்ணூறுகளிலேயே மாற்றிவிட்டாராம். அதைப் பதிவில் ஏற்ற முடியவில்லை. அதே வகை பெட்ரோல் இன்ஜினைத் தேடிக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பொருத்திய 14 நாளுக்குள் தெரிவித்துப் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற பில்லும் பேப்பரும் வேண்டும். விற்ற கடைக்காரர் தேடித் தருகிறேன் என்றிருக்கிறார். கழற்றி வைத்த டீசல் இன்ஜின் பட்டறை மூலையில் பழைய டயர்மேல் உட்கார்ந்திருக்கிறது. "அதை என்னங்கண்ணா பண்றது?" என்று கான்டெசாக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கேட்கிறார்.