பிளைட்டுல நெட் வேணும்னா முதல்ல பிளைட் எப்படி போகுதுன்னு தெரியணும்

பிளைட்டுல வைஃபை சுத்திக்கிட்டே இருந்தா எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணுதான், "மணிக்கு 900 கிமீல போகுதுல்ல, அப்புறம் எப்படி சிக்னல் நிக்கும்". கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா கணக்கு போட்டா வேற மாதிரி வருது. 900 கிமீன்னா நிமிஷத்துக்கு 15 கிமீ. பிளைட்டுக்குன்னே ஆன்டெனாவ வானத்த பாத்து வச்ச டவர்கள் இருக்கு, ஐரோப்பாவுல சுமார் 300 டவர வச்சு அப்படி ஒரு நெட்வொர்க் ஓடுது. ஒரு டவரோட எல்லை 150 கிமீ அகலம்னு வச்சுக்கிட்டா அத தாண்ட 10 நிமிஷம் ஆகும். ஆனா கீழ ரோட்டுல 60ல போற கார்ல, கிலோமீட்டருக்கு ஒரு டவர்னா, உங்க போன் நிமிஷத்துக்கு ஒருதடவ டவர் மாத்துது. அந்த விஷயத்துல பிளைட்ட விட கார்தான் தலைவலி. டாப்ளர்னு ஒண்ணு இருக்கு, வேகமா கிட்ட வர்றப்ப அலைவரிசை கொஞ்சம் ஏறிடும், 2 கிகாஹெர்ட்ஸ் சிக்னல்ல இந்த வேகத்துக்கு 1,670 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், ஆனா பிளைட்டுக்கு தன்னோட வேகமும் திசையும் அத்துப்படிங்கிறதால அத முன்னாடியே திருத்திக்கலாம்.

அப்ப கஷ்டம் எங்கன்னா, எந்த நேரத்துல எந்த இடத்துல எத்தன பிளைட் இருக்கும், பக்கத்துல யாரு, அவங்க எந்தப் பக்கமா போறாங்க, இதுலதான். இத கம்ப்யூட்டர்ல போட்டு பாக்குறதுக்குத்தான் மொபிலிட்டி மாடல்னு பேரு.

நான் முதல்ல இத சிமுலேஷன் பண்ணினப்ப எல்லாரும் பண்ற தப்பத்தான் பண்ணினேன், ரேண்டம் வேபாயிண்ட் மாடல எடுத்துக்கிட்டேன். போன் நெட்வொர்க் ஆராய்ச்சியில ரொம்ப புழங்கினது அது, ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு இடத்த குலுக்கி எடுத்து, ஏதோ ஒரு வேகத்துல அங்க போய், கொஞ்சம் நின்னு, மறுபடி வேற இடத்துக்கு கிளம்பும். ஸ்கிரீன்ல 200 புள்ளி ஓட விட்டா கொஞ்ச நேரத்துல எல்லாம் நடுவுல வந்து கூடிக்குது (இந்த மாடலோட பிறவிக் குணம் அது), ஒண்ணு நடுக்கடல்ல போய் நிக்குது, இன்னொன்னு டக்குன்னு யூ டர்ன் அடிக்குது. ரிசல்ட் என்னவோ அழகாத்தான் வந்துச்சு, ஆனா அது பிளைட் இல்ல, சந்தையில சுத்துற கூட்டம்.

நிஜ பிளைட் அப்படியெல்லாம் சுத்தாது. டைம்டேபிள் இருக்கு, போற பாதை இருக்கு, உயரம்கூட பங்கு போட்டு வச்சதுதான், 29,000 அடியில இருந்து 41,000 அடி வரைக்கும் அடுக்குக்கு அடுக்கு 1,000 அடி இடைவெளி, பொதுவா கிழக்க போறவங்களுக்கு ஒத்தப்படை அடுக்கு, மேற்க போறவங்களுக்கு ரெட்டப்படை. வட அட்லாண்டிக்ல இது இன்னும் கறார். அந்தப் பக்கம் கனடாவோட கேண்டர், இந்தப் பக்கம் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்துற ஷான்விக், ரெண்டு கட்டுப்பாட்டு மையமும் தினமும் காத்தோட்டத்த பாத்து பாதைகள அறிவிப்பாங்க. பகல்ல கூட்டம் ஐரோப்பாவுல இருந்து மேற்க போகும், ராத்திரி அப்படியே திரும்பி கிழக்க வரும், ஜெட் ஸ்ட்ரீம்னு உயரத்துல மேற்குல இருந்து கிழக்க வேகமா அடிக்கிற காத்த முதுகுல வாங்கிக்கிட்டு.

கடல்ல டவர் நட முடியாது. அதனால ஒண்ணு சேட்டிலைட், இல்லன்னா பிளைட்டுக்கு பிளைட் டேட்டாவ கைமாத்தி கரைக்கு கொண்டு போறது. ரெண்டாவது ஐடியா இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு, ஆனா மாடல் எவ்வளவு முக்கியம்னு அதுலதான் பளிச்சுனு தெரியும். 10 கிமீ உயரத்துல இருக்குற ரெண்டு பிளைட்டுக்கு நடுவுல பூமியோட வளைவு மறைக்காம 700 கிமீ வரைக்கும் நேர்பார்வை கிடைக்கும், ரேடியோ அவ்வளவு தூரம் தாங்காதுன்னு 300 கிமீன்னே வைங்க. எதிரும் புதிருமா வர்ற ரெண்டு பிளைட் சேர்ந்து மணிக்கு 1,800 கிமீ, 300ல பிடிச்ச லிங்க் தாண்டிப் போய் மறு 300ல அறுந்துடும், மொத்தமே 20 நிமிஷம். அதே ஒரே பக்கமா போற ரெண்டு பிளைட்டுக்கு வேக வித்தியாசம் 30 கிமீன்னா, நாலு மணி நேரம் கடல தாண்டினாலும் இடைவெளி 120 கிமீதான் மாறும், லிங்க் அப்படியே இருக்கும். ரேண்டம் மாடல்ல இந்த வித்தியாசமே காணாம போயிடும், எல்லா லிங்க்கும் சராசரியா ஒண்ணாத்தான் தெரியும்.

ஆனா டைம்டேபிள மட்டும் நம்பினாலும் அடி வாங்குவோம். மூணு மணி நேரம் லேட்டா கிளம்பின ஒரு பிளைட்ட யோசிங்க, கூட போக வேண்டிய கூட்டம் 2,700 கிமீ முன்னாடி போயிடுச்சு, கைமாத்த ஆளே இல்ல, அதுக்குள்ள இருக்கறவங்களுக்கு நெட் அவ்வளவுதான். அதனால நல்ல மாடல்ல லேட்டும் ஒரு பாகமா இருக்கணும், அதுக்கு நிஜ டேட்டா வேணும். ஏடிஎஸ்-பி கருவி இருக்குற ஒவ்வொரு பிளைட்டும் தன்னோட இடத்த நொடிக்கு ரெண்டு தடவ கிட்ட 1090 மெகாஹெர்ட்ஸ்ல கத்திக்கிட்டே போகும், ரிசீவர் இருந்தா யாரு வேணா கேக்கலாம். கொடுமை என்னன்னா தரையில இருக்குற ரிசீவருக்கு நடுக்கடல் கேக்காது, நமக்கு எங்க டேட்டா வேணுமோ சரியா அங்கதான் ஓட்டை. 2019ல இருந்து இரிடியம் நெக்ஸ்ட் சேட்டிலைட்டுகள்ல வச்ச ரிசீவர்கள் வழியா அத மேல இருந்தும் கேக்குறாங்க.

சரி சேட்டிலைட்டுன்னா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையான்னா, இருக்கு. சேட்டிலைட் கீழ ஒரு பகுதிய பாத்து அனுப்புற சிக்னல் கற்றைக்கு பீம்னு பேரு, ஒரு பீமோட கொள்ளளவ அதுக்குள்ள இருக்குற எல்லா பிளைட்டும் பங்கு போடுது, கடல்ல ரெண்டு பேரு, பெரிய ஏர்போர்ட் பக்கத்துல ஐம்பது பேருன்னா ரெண்டு இடத்துக்கும் ஒரே அளவு குடுத்தா வேலைக்கு ஆகாது. அதோட 35,786 கிமீ உயரத்துல பூமத்திய ரேகைக்கு மேல நிக்குற சேட்டிலைட் வடக்க போகப் போக அடிவானத்துக்கு இறங்கிடும், அந்த நேரம் பிளைட் சாஞ்சு திரும்பினா அதோட சொந்த உடம்பே ஆன்டெனாவ மறைச்சுடும். அதனால இடம் மட்டும் பத்தாது, சாய்வும் மாடல்ல வேணும்.

இதெல்லாம் ஒண்ணா சேந்து வந்து நிக்குற இடம் லேண்டிங்குக்கு காத்துக்கிட்டு சுத்துற கூட்டம். ஓடுபாதை கிடைக்கிற வரைக்கும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வச்ச பிளைட்டுங்க, ஒரு நிமிஷம் நேரா, ஒரு நிமிஷம் திரும்பல், மறுபடி அதேன்னு நாலு நிமிஷத்துக்கு ஒரு சுத்து, பாதி நேரம் சாஞ்சுக்கிட்டு, எல்லாமே ஒரே பீமுக்குள்ள, உள்ள அத்தன பேரும் முழிச்சுக்கிட்டு "இன்னும் இறங்கல, லேட் ஆகும்"னு ஒரே நேரத்துல மெசேஜ் தட்டிக்கிட்டு. என் சிமுலேஷன்ல இப்ப அந்த நாலு நிமிஷ சுத்தத்தான் சேத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் சரியா வரல.