மூன்றாவது ராத்திரிக்கு ஒரு டார்ச்

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிவிட்டது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. நகரங்களுக்குக் கரண்ட் திரும்பிய பிறகும் உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. முதல் ராத்திரி யாருக்கும் வெளிச்சத்துக்குக் குறை இருக்கவில்லை. மூன்றாவது ராத்திரிதான் எந்த டார்ச் நிஜம், எது பொம்மை என்று தெரிந்தது.

என்னிடம் இருந்தது பொம்மை. அட்டைப்பெட்டியில் 9900 எம்ஏஹெச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் ஒரு மணி நேரத்துக்குள் மின்மினிப் பூச்சியாகிவிடும். பின்னொரு நாள் அதன் செல்லை உருவி, சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன். 28 கிராம். 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இந்த லித்தியம் செல்லுக்கு 18650 என்று பெயர். நல்ல கம்பெனி செல் என்றால் சுமார் 45 கிராமாவது இருக்கும், கொள்ளளவும் அதிகம் போனால் 3500 எம்ஏஹெச்சை ஒட்டித்தான் நிற்கும்.

தராசே இதைக் காட்டிக்கொடுக்கக் காரணம் இருக்கிறது. 9900 எம்ஏஹெச் என்றால் 9.9 ஆம்பியர் மணி. அதைச் செல்லின் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 36 வாட் மணி வரும். அதை 28 கிராமுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்றால் கிலோவுக்கு 1,270 வாட் மணிக்கு மேல் போகிறது. நல்ல லித்தியம் அயான் செல்லே கிலோவுக்கு 250 வாட் மணியைச் சுற்றித்தான் தரும். மின்சாரம் செல்லுக்குள் இருக்கும் வேதிப்பொருளில்தான் குடியிருக்கிறது. பொருள் இல்லாத இடத்தில் ஆற்றலும் இல்லை. கடையில் இரண்டு டார்ச்சுகளைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கத்தை இப்போதெல்லாம் நான் கேலி செய்வதில்லை.

அடுத்து லூமென். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்பும் மொத்த ஒளியின் அளவு அது. எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதை அது சொல்லாது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் அதே தண்ணீர் மதிலைத் தாண்டிப் பீய்ச்சும். விரலை எடுத்தால் காலடியிலேயே விழும். டார்ச்சின் கண்ணாடிக் கிண்ணம் செய்வது அந்த விரலின் வேலை. ஒரு திசையில் ஒளி எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதற்குக் கேண்டெலா என்று தனி அளவு உண்டு.

பெட்டியில் 200 மீட்டர் தூரம் என்று முறைப்படி அளந்து போட்டிருந்தால், அதற்கு 10,000 கேண்டெலா என்று பொருள். ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 200 மீட்டரில் விழும் ஒளி கால் லக்ஸ். அது முழுநிலா வெளிச்சம் அளவு. அங்கே ஓர் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்பதால் 100 மீட்டரில் ஒரு லக்ஸ், 50 மீட்டரில் நான்கு லக்ஸ். அதனால் பெட்டியில் போட்ட தூரத்தில் கால் பங்கைத்தான் நான் வேலைக்கு ஆகும் தூரமாக எடுத்துக்கொள்வேன்.

வெள்ளத்தில் படகில் போய் மொட்டைமாடிகளில் ஆள் தேடுபவருக்குக் குவிந்த ஒளி வேண்டும். பள்ளிக்கூடத்தில் நூறு பேர் தங்கியிருக்கும் முகாமுக்கு அதே டார்ச் உபத்திரவம். அங்கே பரவும் ஒளி வேண்டும். கைவசம் குவியும் டார்ச்தான் இருக்கிறதென்றால், வெள்ளையடித்த கூரையைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். கூரையே விளக்காகிவிடும். இரண்டு கையும் தேவைப்படும் வேலைக்குத் தலையில் மாட்டும் விளக்குக்கு நிகர் எதுவும் கிடையாது.

ஆனால் அதிக வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும் இடமும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியின் கூண்டைப் பாருங்கள். உள்ளே பளிச்சென்று டியூப்லைட், சுற்றிலும் கண்ணாடி. ராத்திரி அவர் வெளியே பார்த்தால் கண்ணாடியில் தெரிவது அவர் முகமேதான். வெளியே இருட்டில் நிற்பவனுக்கோ அவர் டீ குடிப்பதுகூடத் தெரியும். நம் கண்ணுக்குள், இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். மறுபடி நிறைந்து கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இதைக் கெடுக்க எதிரே ஒரு டார்ச் அடித்தால் போதும். சிவப்பு ஒளியைக் குச்சி செல்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் காவலாளி பதிவேட்டில் எழுத மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வது நல்லது. கூண்டுக்குள் விளக்கைக் குறைத்து, வாசலுக்கு வெளியே தரையைப் பார்த்து ஒரு விளக்கு போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். செலவும் பெரிதில்லை.

இப்போது எவ்வளவு நேரம் எரியும் என்ற கணக்கு. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் 18650 செல்லில் சுமார் 10 வாட் மணி இருக்கிறது. 1000 லூமெனில் எரித்தால் ஒரு மணி நேரம், 100 லூமெனில் எரித்தால் பத்து மணி நேரம். ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அவ்வளவு இருட்டாகத் தெரியாது. நம் கண் ஒளியைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. கால் பங்காகக் குறைந்த வெளிச்சமே பாதிபோலத்தான் தோன்றும். போதாக்குறைக்கு, சின்ன டார்ச்சில் 1000 லூமென் எரிந்தால் கை சுடும். எல்இடி கருகாமல் இருக்க உள்ளே இருக்கும் சர்க்யூட் சில நிமிடங்களில் வெளிச்சத்தைத் தானாகவே இறக்கிவிடும். பெட்டியில் போடும் நேரமும், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை அளந்ததுதான். ஆகவே உச்ச வெளிச்சத்தைப் பார்த்து வாங்காதீர்கள். குறைந்த நிலையில் எத்தனை லூமென், எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத டார்ச்சை நான் தொடுவதில்லை.

மழையில் எடுத்துப்போவதென்றால் ஐபி67 முத்திரை வேண்டும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் இறங்காது என்பது அதன் பொருள்.

பவர் பேங்க்கிலும் இதே வாட் மணி கணக்குதான். 20,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 74 வாட் மணி. 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே அனுப்பும்போது கொஞ்சம் சூடாக வீணாகி, கைக்கு வருவது 60 சொச்சம். இப்போதைய போன்களை மூன்று முறை நிரப்பலாம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் மணி, 12 வோல்ட் பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட் மணி இருக்கிறது. ஆனால் ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். 900 என்று வைத்துக்கொள்வதே நல்லது. 75 வாட் ஃபேன் அதைப் பன்னிரண்டு மணி நேரத்தில் தின்றுவிடும். 9 வாட் பல்பு மட்டும் என்றால் நான்கு நாள் வரும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஜெனரேட்டர்தான். இதில் சிக்கனத்தைவிட உயிர்தான் பெரிய கணக்கு. மழை நனைக்கிறதே என்று திண்ணைக்கோ ஷட்டருக்குள்ளோ தள்ளி ஓடவிட்டால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே சேரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குபவர்களுக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து தெருக்கோடியில் இருக்கிறது. சிலர் இரண்டு முனையிலும் பின் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயின்ட்டிலேயே சொருகிவிடுவார்கள். வீடு முழுக்க விளக்கு எரியும். ஆனால் மெயின் ஸ்விட்சை இறக்காமல் விட்டால் அதே மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்கும் ஏறும். அங்கே டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு அனுப்பும் பொருள் என்றுதான் நினைக்கிறோம். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. இந்தப் பக்கம் 230 கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 எழுப்பும். சாதாரண நாளில் தெருவே அந்தச் சின்ன ஜெனரேட்டரை உறிஞ்சி நிறுத்திவிடும். புயலுக்குப் பிறகோ கம்பி அறுந்து, நான்கு வீடுதான் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். சுமை குறைவு என்பதால் ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று கம்பத்தில் ஏறியிருப்பார் லைன்மேன்.

இதற்கு மாற்று, மின் பணியாளர் பொருத்தித் தரும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். கைப்பிடி மேலே இருந்தால் ஈபி, கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. ஒரே கைப்பிடி என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியாது.