சூக் சிங்: பொருளும் தமிழில் எழுதும் முறையும்

சிங்கப்பூரின் போர்க்கால வரலாற்றைப் படிப்பவர்கள் ‘சூக் சிங்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. 1942-இல் ஜப்பானியப் படை சிங்கப்பூர்ச் சீனர்களைச் சோதித்துக் கொன்றதைக் குறிக்கும் சொல் இது. இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. ‘களைந்து துப்புரவாக்குதல்’ என்று பொருள். சீன மொழி வகைகளில் ஒன்றான காண்டனீஸின் ஒலிப்பை ஒட்டியே நாம் ‘சூக் சிங்’ என்கிறோம். அதே எழுத்துகளை ஜப்பானியர் ‘ஷுகுசெய்’ என்று வாசிப்பார்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. சில நாட்களிலேயே, 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்கள் சோதனை மையங்களுக்கு வரவேண்டும் என்று உத்தரவு. ஜப்பானை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு நிதி திரட்டி அனுப்பியவர்கள் என்ற ஆத்திரம் ஒரு காரணம். முகத்தை மூடிய ஆள்காட்டி ஒருவன் தலையசைத்தாலே சிலரின் கதை முடிந்தது. தப்பியவர்களுக்குத் தாளிலோ சட்டையிலோ கையிலோ ‘சோதிக்கப்பட்டவர்’ என்ற முத்திரை கிடைத்தது. கையில் முத்திரை வாங்கியவர்கள் அது அழிந்துவிடக் கூடாதே என்று நாள்கணக்கில் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களை லாரியில் ஏற்றி, சாங்கி, பொங்கோல் போன்ற கடற்கரைகளில் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது சுமார் 5,000 பேர். சீனச் சமூகம் 50,000 வரை சொல்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘துப்புரவு நடவடிக்கை’, ‘களையெடுப்பு’ என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தவறில்லை. ஆனால் அப்படி எழுதினால் செத்தவர்கள் குப்பையும் களையும் ஆகிவிடுகிறார்கள். கொன்றவன் பார்வை நம் எழுத்தில் ஏறிவிடுகிறது. எனவே ‘சூக் சிங்’ என்பதைப் பெயராக அப்படியே வைத்து, பக்கத்தில் ‘படுகொலை’ சேர்த்து எழுதுவதே முறை.

1962-இல் சிக்லாப் பகுதியில் புதைகுழிகள் வெளிப்பட்டன. எலும்புகளைத் தோண்டியெடுக்கும் பொறுப்பைச் சீன வர்த்தக சபை ஏற்றது. அந்த எச்சங்களைச் சுமந்த 600-க்கும் மேற்பட்ட தாழிகளின் மேல்தான் பீச் ரோட்டு நினைவுச்சின்னம் நிற்கிறது. சிங்கப்பூர் வீழ்ந்து சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் யூ அதைத் திறந்துவைத்தார்.

அந்தச் சின்னத்தைச் ‘சூக் சிங் நினைவுச்சின்னம்’ என்று எழுதுவதும் பொருந்தாது. அதன் நான்கு தூண்களும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தார்) முதலான பிற இனத்தார் என எல்லாரையும் குறிப்பவை. ‘ஜப்பானிய ஆட்சியில் மாண்ட பொதுமக்கள் நினைவுச்சின்னம்’ என்று முழுதாக எழுதலாம்; இடம் குறைவென்றால் ‘பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம்’ போதும்.